கழுத்துச் சோதனை

ஆலங்காயத்தில் மாணிக்கம்மாளின் கொட்டகைக்கு வேலைக்கு வரும் எந்தப் பெண்ணும் முதல் நாளே இரண்டு சங்கதிகளைத் தெரிந்துகொண்டுவிடுவாள். வேலை நடக்கும்போது தலை நிமிரக் கூடாது. கூப்பிட்டால் கழுத்தைக் காட்ட வேண்டும்.

ஜெபமாலை செய்கிற கொட்டகை அது. மணிக்குள் கம்பியை நுழைத்து, இரண்டு பக்கமும் வளையம் திருப்பி, வளையத்தோடு வளையம் கோத்துச் செய்வது. கம்பியின் வெட்டுமுனை மயிரிழை அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் ஜெபம் சொல்கிறவர் விரலைக் கீறும், சேலையில் மாட்டும். மற்ற இடங்களில் மாலையைப் பஞ்சின் மேல் இழுத்துப் பார்ப்பார்கள். பஞ்சு சிக்கினால் வேலை சரியில்லை என்று அர்த்தம். மாணிக்கம்மாள் பஞ்சு வாங்கியதே இல்லை. வளையம் திருப்பியவளையே கூப்பிடுவாள்.

"வா இப்டி. கழுத்தக் காட்டு."

காதுக்குக் கீழே மாலையை அழுத்தி வைத்துத் தோள்பட்டை வரைக்கும் ஒரே இழுப்பு. வேலை சுத்தமாக இருந்தால் ஒன்றும் ஆகாது. இல்லாவிட்டால் சிவப்பாக ஒரு கோடு விழும். சாயங்காலம் பேருந்தில் ஏறும் பெண்களின் கழுத்தைப் பார்த்தே இன்றைக்கு யார் கை தவறியது என்று கண்டக்டர் சொல்லிவிடுவான்.

"இன்னாத்துக்கும்மே பொண்ணுங்களப் போட்டு இப்டிக் கீறுற? ஒரு பிடி பஞ்சு இன்னா வெலை வுக்குது?" என்று அவள் புருஷன் சிங்காரம் ஒருமுறை கேட்டான். கொட்டகைக்கு முன்னால் டீக்கடை வைத்திருந்தவன் அவன்.

"பஞ்சு வலிக்குதுன்னு சொல்லுமா? இவளுங்க சொல்வாளுங்க" என்றாள் மாணிக்கம்மாள்.

மாணிக்கம்மாள் கிறிஸ்தவச்சி இல்லை. ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறவள். கல்யாணமாகி வந்த புதிதில் கன்னியர் மடம் ஒன்றில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். குப்பையில் அறுந்து கிடந்த ஜெபமாலை ஒன்றை ஒருநாள் இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டாள். சிங்காரம் அப்போது சைக்கிள் கடை வைத்திருந்தான். அவனுடைய குறடை எடுத்து அந்த மாலையை மணி மணியாகப் பிரித்தாள், சேர்த்தாள், மறுபடியும் பிரித்தாள். பிரிக்கப் பிரிக்க விளங்கியது. வளையத்தைத் திறப்பதென்றால் வாயை அகட்டக் கூடாது, பக்கவாட்டில் திருக வேண்டும். அகட்டினால் உருவம் கெட்டுவிடும். வளையங்கள் எல்லாம் ஒரே அளவில் வர வேண்டுமென்றால் குறட்டின் கூம்பு மூக்கில் ஒரே இடத்தில் கம்பியைச் சுற்ற வேண்டும். அந்த இடத்தில் நெயில் பாலிஷால் சிவப்புக் கோடு ஒன்று போட்டுக்கொண்டாள். யாரும் கற்றுத் தரவில்லை. முழு மாலை ஒன்று கையில் சிக்கினால் தொழிலே கையில் சிக்கிவிடும் என்பதை அன்றைக்கே தெரிந்துகொண்டாள்.

அதனால்தான் தன்னிடம் வேலை செய்கிற எவள் கையிலும் முழு மாலை சிக்காதபடி பார்த்துக்கொண்டாள். ஒருத்தி கம்பி வெட்டுவாள். ஒருத்தி மணியில் கம்பி நுழைத்து வளையம் திருப்பிக் கிண்ணத்தில் போடுவாள். இன்னொருத்தி சங்கிலித் துண்டுகளை அறுப்பாள். கிண்ணங்கள் எல்லாம் கொட்டகையின் மூலையில் தொங்கும் பச்சைத் திரைக்குப் பின்னால் போகும். உள்ளே மாணிக்கம்மாள் தனியாக உட்கார்ந்து எண்ணிச் சேர்ப்பாள். பத்துப் பத்து மணியாக ஐந்து கட்டு, கட்டுகளுக்கு நடுவே ஒரு பெரிய மணி, வட்டம் கூடுகிற இடத்தில் மாதா பதக்கம், அதிலிருந்து தொங்கும் வால், வாலின் நுனியில் சிலுவை. கோவிலுக்குப் போகிற எந்தக் குழந்தையும் சொல்லிவிடும் கணக்குதான். ஆனால் அவள் வேலைக்கு எடுத்த பெண்களில் ஒருத்திகூடக் கோவிலுக்குப் போகிறவள் இல்லை. அதையும் அவள் பார்த்துத்தான் எடுத்தாள்.

ஈஸ்வரி புதூர்நாட்டுக்காரி. புருஷன் மோகன் கர்நாடகத்தில் காப்பித் தோட்டத்தில் கிடந்தான். அவளும் ஒரு வருஷம் அங்கே போய், அட்டைக் கடியும் காய்ச்சலுமாகத் திரும்பி வந்தவள். மகள் பள்ளிக்கூடத்தில் படித்தாள். மறுபடி தோட்டத்துக்குப் போகக் கூடாது என்பது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. விடிவதற்கு முன்பே எழுந்து, ஜீப்பில் தொங்கிக்கொண்டு மலையிறங்கி வருவாள். வளையம் திருப்புவதில் அவளைப் போல ஒரு கை அந்தக் கொட்டகைக்கு வந்ததில்லை. சிவப்புக் கோடு அவளுக்குத் தேவைப்படவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு திருப்பினாலும் எல்லாம் ஒரே அச்சாக விழும். நாலு வருஷத்தில் அவள் கழுத்தில் கோடு விழுந்ததே கிடையாது. மாணிக்கம்மாள் மற்றவர்களைவிட அழுத்தி இழுத்துப் பார்ப்பாள். விழாது.

கோடு விழாத எரிச்சலை வேறு விதத்தில் தீர்த்துக்கொள்வாள். ஈஸ்வரி எதை எண்ணினாலும் "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் எண்ணுவாள். களத்தில் சாமை அளக்கும்போது முதல் வள்ளத்தை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள். பத்து வள்ளம் அளந்து முடித்தால் மேலே ஒரு கை அள்ளிப் போடுவார்கள், அது சாமிக்கு, அதற்குப் பெயர் பொலி என்று அவள் ஒருநாள் பக்கத்தில் கம்பி வெட்டும் பூவிழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். திரைக்குப் பின்னால் மாணிக்கம்மாளின் காதில் அது விழுந்தது.

"இன்னாடி மலைக்காரி, பத்துக்கு மேல ஒண்ணு சாமிக்கா? அதான் உங்க சாமி கொழுத்துப்போய்க் கெடக்குது, நீங்க எலும்பாக் கெடக்குறீங்க" என்றாள். எல்லாரும் தலை குனிந்தபடியே சிரித்தார்கள். ஈஸ்வரியும் சிரித்தாள்.

ஆடி மாதத்தில் மாணிக்கம்மாளின் வலது கட்டைவிரல் பூட்டிக்கொள்ள ஆரம்பித்தது. குறடை இறுக்கிப் பிடித்தால் விரல் மடங்கும், பிறகு நிமிராது. இடது கையால் இழுத்தால் 'டக்' என்று சத்தத்தோடு நிமிரும், உயிர் போகும். திரைக்குப் பின்னால் ஒரு குவளை வெந்நீர் எப்போதும் இருந்தது. டீத்தண்ணி என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா. ஊசி போட்டா சரியாப்பூடும்ன்றாங்க" என்றான் சிங்காரம்.

"கட்டுப் போட்டு அனுப்புவான். கட்டோட போயி கொட்டாயில குந்துனா எவ மதிப்பா? மடத்துல தெரிஞ்சா அப்பறம் யாருக்குக் குடுப்பாங்க ஆர்டர? வாயத் தெறந்த, உன் டீக்கடைய மூடிப்புடுவேன்."

வளையத்தைத் திருகித் திறக்க அவளால் முடியவில்லை. ஆகவே ஈஸ்வரியிடம் ஒரு புதுச் சட்டம் போட்டாள். மணிக்கு ஒரு பக்க வளையத்தை மட்டும் முழுக்க மூடாமல், வாய் திறந்தபடி கிண்ணத்தில் போட வேண்டும். உள்ளே அதை மாட்டி லேசாக அமுக்கிவிட்டால் போதும். ஈஸ்வரி ஏன் என்று கேட்கவில்லை. ஒருமுறை மாணிக்கம்மாளின் கையைப் பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வையை மாணிக்கம்மாள் மறக்கவில்லை.

லேசாக அமுக்கிய வளையம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஆவணியில் மடத்திலிருந்து சிஸ்டர் அன்பரசி ஒரு பை நிறைய அறுந்த ஜெபமாலைகளோடு வந்து இறங்கினாள். கொட்டகையின் சரக்கு முழுவதையும் எடுப்பவர்கள் அவர்கள்தான். சின்ன வயசு சிஸ்டர், கணக்கில் கறார், பேச்சில் மெது.

"என்னங்கம்மா இது? பிள்ளைங்க கையில வாங்குன அன்னிக்கே அறுந்துபோகுது. எல்லாம் சேர்த்த இடத்துலதான் விட்டிருக்கு. ஆனா பாருங்க, மணிக்கு இன்னொரு பக்கத்து வளையம் ஒண்ணுகூட அசையல. இதை மட்டும் யாரு செய்றாங்க?"

மாணிக்கம்மாள் வாயைத் திறப்பதற்குள் பூவிழி தலையை நிமிர்த்திவிட்டாள். "ஈஸ்வரி அக்கா, சிஸ்டர்!"

சிஸ்டர் ஈஸ்வரியின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். அவள் கையை வாங்கிப் பார்த்தாள். எந்த ஊர், எப்படி வந்து போகிறாள் என்று கேட்டாள். கிளம்பும்போது சொன்னாள்: "புதூர்நாட்டுலயே ஒரு வேலைக்கூடம் போடலாம்னு மடத்துல ரொம்ப நாளாப் பேச்சு. அக்டோபர் ஜெபமாலை மாசம். ஒரு பங்கு ஆர்டர நீ தனியாச் செஞ்சு குடு, ஈஸ்வரி. நல்லா வந்தா கூடத்த நீயே பாத்துக்கோ."

சிஸ்டரின் ஜீப் போனதும் மாணிக்கம்மாள் பூவிழியைக் கூப்பிட்டாள். சிஸ்டர் விட்டுவிட்டுப் போன அறுந்த மாலைகளில் கம்பி நன்றாகத் துருத்திக்கொண்டிருந்த ஒன்றாகப் பார்த்து எடுத்தாள்.

"தல தானா நிமிந்துச்சா கண்ணு? கழுத்துல சுளுக்குப் போல. வா, எடுத்து வுடறேன்."

இரண்டு பக்கமும் இழுத்தாள். ஒருமுறை இல்லை. பூவிழி அழுதாள், மற்றவர்கள் கம்பி வெட்டினார்கள். அதற்குப் பிறகு அந்தக் கொட்டகையில் இடி விழுந்தாலும் எவளும் தலை நிமிர்வதில்லை.

நாலு நாள் கழித்து ஒரு சாயங்காலம் ஈஸ்வரி திரைக்கு வெளியே வந்து நின்றாள். மலையில் தன்னோடு வேலை செய்ய இரண்டு பெண்களை அதற்குள் பேசிவைத்திருந்தாள். காப்பித் தோட்டத்துக்குக் கிளம்பவிருந்தவர்கள், இவளை நம்பி நின்றுவிட்டார்கள். ஆனால் ஒரு முழு மாலையை அவள் சேர்த்துப் பார்த்ததில்லை. நாலு வருஷம் இதே வேலை செய்தவள், எத்தனை மணி என்று சிஸ்டரிடம் போய்க் கேட்க வெட்கம்.

"அக்கா, கோச்சிக்காதீங்க. நானாக் கேக்கல, அவங்களாக் குடுத்தாங்க. ஒரு மாதிரி குடுத்தீங்கன்னா அதப் பாத்துச் செஞ்சுக்குவேன்."

மாணிக்கம்மாள் அவளை மேலும் கீழுமாகப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "கோச்சிக்கிறதுக்கு இன்னாடி இக்குது? நீ பெரிய ஆளானா எனக்குந்தான பெரும? நாளைக்கு வாங்கிக்கோ."

அன்றிரவு அவள் நல்ல மாலை ஒன்றை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொரு கட்டிலும் ஒரு வளையத்தைத் திறந்து, மணி ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தாள். பத்து, பதினொன்றாயிற்று. ஐந்து கட்டுக்கும் ஐந்து மணிதான். விரல் பூட்டிக்கொள்ள, வெந்நீரில் முக்கி இழுத்து, மறுபடி பூட்டிக்கொள்ள, பல்லைக் கடித்துக்கொண்டு செய்து முடித்தாள். தன் வாழ்நாளில் எந்த மாலைக்கும் அவள் இவ்வளவு பாடுபட்டதில்லை.

மறுநாள் ஈஸ்வரி அவள் கண்முன்னாலேயே எண்ணினாள். "லாபம், ரெண்டு, மூணு..." பதினொன்றில் முடிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "அவங்க சாமிக்கும் பொலி உண்டா அக்கா!"

"இல்லாம? சாமின்னா எல்லாச் சாமியும் ஒண்ணுதான்" என்றாள் மாணிக்கம்மாள்.

மலையிலேயே உட்கார்ந்து செய்துகொண்டிருந்த ஈஸ்வரி நடுவில் ஒருநாள் மணி போதவில்லை என்று இறங்கி வந்தாள். மடத்தில் நிறுத்துக் கொடுத்த மணி எப்படிக் குறைந்தது என்று விளங்காமல் தன் மேலேயே சந்தேகப்பட்டுக்கொண்டு நின்றாள். மாணிக்கம்மாள் தன் மூட்டையிலிருந்து இரண்டு கையாலும் அள்ளி அவள் மடியில் போட்டாள். சிங்காரம் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு வாய் பிளந்து பார்த்தான். எச்சில் கையால் காக்கா ஓட்டாதவள் பெண்டாட்டி என்று அவனுக்குத் தெரியும்.

"பெரிய மனசு அக்கா உங்களுக்கு" என்றாள் ஈஸ்வரி.

"போற வழியில மாதிரியக் குடுத்துட்டுப் போ. உனக்குத்தான் இப்ப கை வந்துச்சே."

ஈஸ்வரி முந்தானை முடிச்சை அவிழ்த்து மாதிரியை எடுத்துக் கொடுத்தாள். "நடுவுல அஞ்சு எடத்துல லூசா இருந்துச்சு அக்கா. நானே இறுக்கிட்டேன்." சற்றுத் தயங்கி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "வெந்நில கல்லுப்பு போட்டு முக்குங்க அக்கா. எங்க ஊர்ல அப்டித்தான் செய்வாங்க."

அவள் போன பிறகு மாணிக்கம்மாள் அந்த ஐந்து இடங்களையும் பார்த்தாள். வாய் இருந்த இடமே தெரியவில்லை. கண்ணாடி போல மூடியிருந்தது. ஐந்து மணியையும் எடுத்துவிடலாம் என்று குறடை வைத்தாள், திறக்க முடியவில்லை. விரல் சங்கதியை அந்தப் பெண் தெரிந்துகொண்டாள். தெரிந்துகொண்டு பரிதாபம் வேறு படுகிறாள். மாணிக்கம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. குளிக்க வெந்நீர் காய்ந்துகொண்டிருந்த அடுப்பில் மாலையைத் தூக்கிப் போட்டாள். மரமணிகள் படபடவென்று வெடித்தன.

செப்டம்பர் கடைசியில் இரண்டு சரக்கையும் ஒரே நடையில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, சிஸ்டர் ஆலங்காயத்துக்கே வந்தாள். ஈஸ்வரியும் அவளை நம்பிய இரண்டு பெண்களும் புதுச் சேலை கட்டி, அட்டைப்பெட்டியைத் தலையில் சுமந்து வந்திருந்தார்கள். கொட்டகைப் பெண்கள் குனிந்த தலையோடு பக்கவாட்டில் பார்த்தார்கள். சிஸ்டர் ஒரு மாலையை எடுத்து இழுத்துப் பார்த்தாள். "அடடா" என்றாள். நல்ல வேலையைக் கண்ட சந்தோஷத்தில் அப்படியே சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி ஜெபம் சொல்லத் தொடங்கினாள்.

மாணிக்கம்மாள் அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் மணி மணியாக நகர்ந்தது. பத்தாவது மணியைத் தாண்டி, பெரிய மணியைத் தேடிப் போன விரல் சின்ன மணி ஒன்றில் முட்டி நின்றது. சிஸ்டர் கண்ணைத் திறந்தாள். எண்ணினாள். அடுத்ததை எடுத்து எண்ணினாள். பெட்டியின் அடியிலிருந்து ஒன்றை உருவி எண்ணினாள்.

"ஈஸ்வரி, இது என்ன?"

"இன்னா சிஸ்டர்?"

"பத்துதானே வரணும்? எல்லாத்துலயும் பதினொண்ணு இருக்கே. நாளன்னிக்கு ஆயரு வர்றாரு, பிள்ளைங்க கையில எதைக் குடுப்பேன்?"

"அக்கா குடுத்த மாதிரியப் பாத்துத்தான் சிஸ்டர் செஞ்சேன். அதுல பதினொண்ணு..."

"மாதிரியா?" மாணிக்கம்மாள் நிதானமாக எழுந்து, திரைக்குப் பின்னால் போய், ஆணியில் மாட்டியிருந்த ஒரு மாலையை எடுத்து வந்தாள். "இதத்தான் குடுத்தேன். எண்ணிப் பாருங்க சிஸ்டர்."

பத்து இருந்தது.

"மலையில அப்டித்தான் சிஸ்டர். எது எண்ணுனாலும் சாமிக்கு ஒண்ணு சேத்துப் போடுவாளுங்க. கேட்டுப் பாருங்க வேணும்னா. நான் அப்பவே சொன்னேன், இது அவங்க சாமிம்மா, கணக்கு மாறக் கூடாதுன்னு."

சிஸ்டர் ஈஸ்வரியைப் பார்த்தாள். "அப்படிப் போடுற பழக்கம் உண்டா?"

உண்டுதான். இல்லை என்று ஈஸ்வரியால் சொல்ல முடியவில்லை. அந்த மாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறுக்கிக் கொடுத்த ஐந்து இடமும் அதில் இல்லை. இது வேறு மாலை. அவள் மெல்ல நிமிர்ந்து மாணிக்கம்மாளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் மாணிக்கம்மாளுக்கு இனித்திருக்கும். ஒன்றுமே இல்லை.

"நாலு வருஷம் செஞ்ச வேலை. பத்து எண்ணத் தெரியலைன்னா கூடத்தை எப்படிம்மா உன்னை நம்பிக் குடுக்கறது?" என்றாள் சிஸ்டர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஆதங்கத்தில்தான் சொன்னாள். சரக்கை மாணிக்கம்மாளிடமே விட்டு, பிரித்துச் சரிசெய்து கிறிஸ்துமஸுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு, வேலூரில் கடையில் வாங்கிக்கொள்ளப் போனாள்.

ஈஸ்வரியை நம்பி நின்ற இரண்டு பெண்களும் அந்த வாரமே தோட்டத்துக்கு லாரி ஏறினார்கள். ஏறும்போது அவளோடு பேசவில்லை. ஈஸ்வரி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கொட்டகைக்குத் திரும்பி வந்தாள்.

"வாங்க கூடத்தம்மா" என்றாள் மாணிக்கம்மாள். "நடுவுல குந்துங்க, எல்லாரும் பாக்கட்டும்."

கட்டுக்கு ஒரு மணியை எடுத்துவிட்டு வளையத்தை மூடினால் வேலை முடிந்துவிடும். மாணிக்கம்மாள் அப்படி விடவில்லை. அத்தனை மாலையையும் மணி மணியாக முழுக்கப் பிரிக்க வேண்டும், அவள் ஒருத்தியே பிரிக்க வேண்டும் என்றாள். ஐப்பசி மழையெல்லாம் ஈஸ்வரி கொட்டகை நடுவில் உட்கார்ந்து, தன் கையால் மூடியதைத் தன் கையால் திறந்தாள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மாணிக்கம்மாள் நின்று கேட்பாள்.

"பத்துக்கு அப்பறம் இன்னாடி வரும்?"

"பெரிய மணி அக்கா."

"சாமிக்கு?"

"ஒண்ணும் கெடையாது அக்கா."

"சத்தமாச் சொல்லு. பூவிழிக்குக் கேக்கல."

ஈஸ்வரி சத்தமாகச் சொல்வாள். பிரித்த மணிகளை வைத்து வளையம் திருப்புவதும் அவள்தான். வாய் திறந்த வளையத்தோடு மணிகள் திரைக்குப் பின்னால் போயின. அங்கே விரல் நாளுக்கு நாள் மோசமானது. சேர்த்து முடித்தவை கொஞ்சம்தான்.

டிசம்பரில் சிஸ்டர் சரக்கு எடுக்க வருவதாகச் சொன்ன நாள் வந்தது. மாணிக்கம்மாள் காலையிலிருந்தே கொதித்துக்கொண்டிருந்தாள். பிரிக்காமல் இன்னும் ஒரு சிறு குவியல் ஈஸ்வரியின் முன்னால் கிடந்தது.

"இன்னும் முடியலியா? கூடம் நடத்தப் போறேன்னு கெளம்புனியே, ஒரு வளையம் தெறக்கத் துப்பில்ல. சிஸ்டர் வர்ற நேரம். கையா அது, வெளக்குமாத்துக் கட்டையா?"

ஈஸ்வரி மடியிலிருந்த மாலையைப் பார்த்தாள். பிறகு, கொட்டகைக்குள் அதுவரை யாரும் செய்யாததைச் செய்தாள். கூப்பிடாமலே எழுந்து நின்றாள்.

"இது மட்டும் தெறக்க மாட்டேங்குது அக்கா. நீங்க ஒண்ணு தெறந்து காட்டுங்க, பாத்துக்கறேன்."

மாலையையும் குறடையும் இரண்டு கையிலும் வைத்து மரியாதையாக நீட்டினாள்.

கம்பி வெட்டும் சத்தம் நின்றுவிட்டது. ஒரு தலையும் நிமிரவில்லை, ஆனால் அத்தனை காதும் திறந்திருந்ததை மாணிக்கம்மாள் உணர்ந்தாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினாள், கிடைக்கவில்லை. இவ்வளவு பேசிவிட்டு எப்படிச் சொல்வது? ஒரு வளையம்தானே, ஒரே திருகல்தானே என்று குறடை வாங்கினாள். மூக்கை வளையத்தில் மாட்டினாள். திருகினாள். அசையவில்லை. மூச்சைப் பிடித்து இன்னொருமுறை அழுத்தித் திருகினாள்.

விரல் பூட்டிக்கொண்டது.

குறட்டின் பிடியோடு சேர்த்துப் பூட்டிக்கொண்டது. குறடு வளையத்தைக் கவ்வியிருக்க, மாலை கீழே தொங்கி ஆடியது. விடவும் முடியவில்லை, உதறவும் முடியவில்லை. இடது கையால் இழுத்தாள். வலி தோள்வரைக்கும் ஏறியது.

"பூவிழி, வெந்நி கொண்டா."

பூவிழி கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏய் பூவிழி! செவிடா நீ? ஒருத்திக்கும் காது இல்லியாடி?"

"நிமிரக் கூடாதுன்னீங்களே அக்கா" என்றாள் பூவிழி, தன் மடியைப் பார்த்து.

வெளியே ஜீப் ஹாரன் கேட்டது. சிங்காரம் "வாங்க சிஸ்டர்" என்று சொல்வதும் கேட்டது. மாணிக்கம்மாள் திரையை நோக்கி ஓடப் பார்த்தாள். ஈஸ்வரி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மலையேறி இறங்குகிற பிடி. மற்ற கையால் கட்டைவிரலைப் பற்றி, அவசரப்படாமல், வளையத்தைத் திருகுவது போலப் பக்கவாட்டில் திருகி இழுத்தாள்.

'டக்'கென்ற சத்தம் அந்தக் கொட்டகைக்கே கேட்டது. அதற்குப் பிறகு மாணிக்கம்மாள் போட்ட கூச்சல் சாலைவரைக்கும் கேட்டது.

"என்ன ஆச்சு?" சிஸ்டர் ஓடி வந்தாள்.

"ஒண்ணுமில்லீங்க சிஸ்டர்" என்றாள் ஈஸ்வரி. மாணிக்கம்மாளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வது போல அவ்வளவு மெதுவாகச் சொன்னாள். "அக்காவுக்குக் கட்டைவெரலு பூட்டிக்குது. ஆடி மாசத்துலேருந்தே இப்டித்தான். பாவம், வெளிய சொல்லாம சேத்துக் குடுத்துட்டு இருந்தாங்க."

சிஸ்டர் அந்த விரலைத் தொட்டுப் பார்த்தாள். நினைவுக்கு வந்தது போல நிமிர்ந்தாள். "ஆடியிலேருந்தா? அப்ப அந்த அறுந்துபோனதெல்லாம்..."

சிஸ்டர் கத்தியிருந்தால், நாலு வார்த்தை கேட்டிருந்தால், மாணிக்கம்மாளும் திருப்பிக் கத்தியிருப்பாள். சிஸ்டர் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"ஐயோ பாவம். சொல்லியிருக்கலாமேம்மா. இனி நீங்க குறடைத் தொடவே வேண்டாம். வெரலுக்கு நோவில்லாத வேலையாப் பாத்துச் செய்ங்க. ஈஸ்வரி, எண்ணிக்கையை நானே உக்காந்து சொல்லித் தர்றேன். மலையில அந்தக் கூடத்தை..."

"மலையில வேணாம் சிஸ்டர்" என்றாள் ஈஸ்வரி. பதினொரு மணி மாதிரியைப் பற்றி அவள் அப்போதும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகும் திறக்கவில்லை. "இங்கியே பாத்துக்கறேன். அக்காவ யாரு பாத்துக்குவா?"

பொங்கல் கழிந்து கொட்டகை மறுபடி திறந்தது. இடம் மாணிக்கம்மாளுடையது, பேரும் அவளுடையது. மடத்து ஆர்டர் மட்டும் ஈஸ்வரியின் பேருக்கு வந்தது. மாணிக்கம்மாள் விரலில் கட்டோடு வாசலோரம் சாக்கில் உட்கார்ந்து, ஓட்டை அடைத்த மணி, விரிசல் விட்ட மணி என்று பொறுக்கிப் பிரித்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் வேண்டாத வேலை. வீட்டுக்குள்ளேயே இருந்துவிடலாம் என்றால், இருந்து என்ன செய்வது? டீக்கடைப் பால் செலவுக்கே ஈஸ்வரி கொடுக்கும் கொட்டகை வாடகைதான்.

பச்சைத் திரையை ஈஸ்வரி கழற்றிவிடுவாள் என்று பூவிழி எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாள். ஈஸ்வரி கழற்றத்தான் கழற்றினாள். துவைத்தாள், காயவைத்தாள், கிழிசலைத் தைத்தாள். பிறகு பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள்.

உச்சிப்பொழுதுக்குத் திரை விலகியது. கையில் அன்றைக்கு முடித்த மாலைகள்.

"அக்கா, இப்டி வாங்க" என்றாள். "கழுத்தக் காட்டுங்க."

மாணிக்கம்மாள் சுற்றிலும் பார்த்தாள். ஒரு தலையும் நிமிரவில்லை. எழுந்து போனாள். மோவாயைத் தூக்கினாள். மாலை காதுக்குக் கீழே வந்து அழுந்தியது, தோள்வரைக்கும் வழுக்கிக்கொண்டு போனது. எங்கேயும் சிக்கவில்லை, ஒரு கீறல் இல்லை. எண்ணெய் தடவியது போலப் போனது. அவ்வளவு சுத்தமான வேலையை மாணிக்கம்மாள் தன் வாழ்நாளில் செய்ததில்லை என்பதை அவள் கழுத்துத் தோல் அறிந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

"வலிக்குதா அக்கா?"

"இல்ல."

"இன்னும் நெறைய இக்குது. நில்லுங்க" என்று சொல்லி ஈஸ்வரி அடுத்ததை எடுத்தாள்.